பெயர்ப்பலகை மாறிய வருடம்: ஒரு வங்கிக் கிளையின் நாட்குறிப்பு

2020 மார்ச் 5, வியாழன்

நேற்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஏப்ரல் 1 முதல் பத்து பொதுத்துறை வங்கிகள் நான்காகின்றன. போன ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டார்கள் என்றாலும், எப்படியும் தள்ளிப்போகும் என்றுதான் கிளையில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். நாங்கள் இணைக்கப்படும் வங்கி. பெயர் போகிற பக்கம்.

காலையில் கவுன்ட்டர் திறக்கும் முன் ஏழு பேரையும் கூப்பிட்டுப் பேசினேன். பெரிய வங்கி, பெரிய வாய்ப்பு, யாருக்கும் வேலை போகாது என்று நிதியமைச்சரே சொல்லியிருக்கிறார், எல்லாம் நல்லதுக்குத்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு கிளார்க் பெண் மட்டும் என் மேசைக்கு வந்தாள். "மேடம், வேலை போகாது, சரி. எங்கே தூக்கிப் போடுவாங்க? பையன் யு.கே.ஜி. படிக்கிறான்" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. 'வாய்ப்பு' என்று நான் நாலு தடவை சொல்லியிருப்பேன். அவளுக்கு வேண்டியிருந்தது ஓர் ஊரின் பெயர்.

மார்ச் 9, திங்கள்

நூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கி ஸ்டேஷனரி அலமாரி மேல் வைத்தேன். இடது பக்கத்தில் யார் வேண்டுமானாலும் கேள்வி எழுதலாம், பெயர் போட வேண்டியதில்லை. வலது பக்கத்தில் மாலையில் நான் பதில் எழுதுவேன். தெரியாவிட்டால் 'தெரியாது, மண்டல அலுவலகத்தில் கேட்கிறேன்' என்று தேதி போட்டு எழுதுவேன்.

சாயங்காலம் திறந்து பார்த்தால் பதினொரு கேள்விகள். ஊழியர் எண் மாறுமா? ஸ்டாஃப் வீட்டுக்கடன் வட்டி ஏறுமா? இரண்டு வங்கிக்காரர்களையும் சேர்த்துச் சீனியாரிட்டி போட்டால் நான் எங்கே நிற்பேன்? கடைத்தெருவில் இருநூறு அடி தள்ளி அவர்கள் கிளை இருக்கிறதே, ஒரே ஊரில் இரண்டு எதற்கு என்று நம்முடையதை மூடிவிடுவார்களா?

மூன்றுக்குத்தான் பதில் தெரிந்தது. மற்ற எட்டுக்கும் 'தெரியாது' என்று எழுதும்போது கை கூசியது. மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதை எழுதுவது சுலபமில்லை. ஆனாலும் எழுதினேன்.

மார்ச் 13, வெள்ளி

மண்டல அலுவலகத்திலிருந்து இரண்டு பதில்கள் வந்தன. நோட்டில் ஏற்றினேன். டீ நேரத்தில் அலமாரிப் பக்கம் ஒரு சின்னக் கூட்டம். வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு வதந்தியைப் பற்றிக் கடைநிலை ஊழியர் அக்கா, "நோட்டுல வரட்டும், அப்புறம் நம்பலாம்" என்றாராம். அதைக் கேட்டதும் மனசுக்குத் தெம்பாக இருந்தது.

ஏப்ரல் 1, புதன்

இன்று முதல் வேறு வங்கி. ஊரடங்கில் ஃபிளெக்ஸ் அடிக்கக்கூடக் கடை இல்லை. பழைய பலகை அப்படியே இருக்கிறது. அக்கா ஸ்டூல் போட்டு ஏறி, ஈரத்துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். எடுக்கப்போகிற பலகைதானே என்று நான் சொல்லவில்லை. பத்தொன்பது வருடமாகத் துடைத்த பலகை.

ஏப்ரல் 4, சனி

ஊரடங்கு நிவாரணமாக, ஜன்தன் கணக்கு வைத்திருக்கும் பெண்களுக்கு அரசு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம் போடுகிறது. கூட்டம் சேராமலிருக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கப்படி நாள் பிரித்திருக்கிறார்கள். நேற்று 0, 1. இன்று 2, 3. ஆனால் இலக்கம் தெரிந்தா எல்லோரும் வருகிறார்கள்? எட்டரைக்கே வரிசை பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட்டது. அக்கா சுண்ணாம்பில் வட்டம் போட்டார். எங்களில் பாதிப்பேர்தான் வேலையில். முகக்கவசத்துக்குள் மூச்சு வாங்க, எல்லோருக்கும் உள்ளூர நோய் பயம்.

பதினொரு மணி இருக்கும். பாட்டி ஒருத்தி பாஸ்புக்கை நீட்டி, "பேங்க்கு பேரே மாறிடுச்சாமே, என் பணம் எங்க போச்சு?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். கிளார்க் பெண் எழுந்து கண்ணாடி வரை வந்தாள். "பாட்டி, என்னைப் பாருங்க. போன மாசமும் நான்தானே குடுத்தேன்? நான் இங்கதான் இருக்கேன். உங்க பணமும் இங்கதான் இருக்கு."

பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு ரேகை வைத்தாள்.

மார்ச் 5 அன்று இந்தப் பெண்ணுக்கு நான் இப்படித்தான் பேசியிருக்க வேண்டும். மூடும் நேரத்தில் எல்லோர் முன்னாலும் அவள் சொன்னதைச் சொல்லிக் காட்டினேன். இரண்டு மணிக்கு ஷட்டர் இறக்கியபோது ஒருவரும் இணைப்பைப் பற்றிப் பேசவில்லை. எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் 9, வெள்ளி

மென்பொருள் மாறப்போகிறது. பயிற்சி எல்லாம் வீடியோவில். இளையவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். ஹெட் கேஷியர் சார் மட்டும் மூன்று வகுப்புக்கும் உட்காரவில்லை. 1988-இல் சேர்ந்தவர், வருகிற மே மாதம் ஓய்வு. "இன்னும் ஏழு மாசம் மேடம். லீவு கையில இருக்கு, போட்டுடறேன்" என்றார்.

அவரைக் கட்டாயப்படுத்த மனம் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில், "சார், கிளைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த கதையைச் சொல்லுங்களேன்" என்றேன். முதலில் தயங்கினார். ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை.

பேரேட்டில் வரவு செலவைப் பதியும் லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தபோது எதிர்த்துச் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். ஆள் குறைப்பு வரும் என்ற பயம். அப்போதெல்லாம் சேமிப்புக் கணக்குக்கு அரையாண்டு வட்டியைக் கையால் போட வேண்டும். மாதத்தின் 10-ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை கணக்கில் இருந்த குறைந்தபட்ச இருப்பைப் பார்த்து எடுத்து, ஆறு மாதத்துக்கும் கூட்டி, ஒவ்வொரு லெட்ஜர் பக்கமாக. ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி பன்னிரண்டு மணி வரை எல்லோரும் உட்கார்ந்து தேடுவார்கள். "மெஷின் வந்த வருஷம் அந்த வேலை சீக்கிரமா முடிஞ்சு, இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போனேன் மேடம். என் பொண்ணு முழிச்சிட்டிருந்தா. பேட்ஜைக் கழட்டினது அப்பதான்."

இளையவர்கள் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'அப்போ பயம் இல்லையா சார்' என்று ஒருத்தன் கேட்டான். "இருந்துச்சுப்பா. இப்பவும் இருக்கு" என்றார். மூன்று வகுப்பாக அவர் வாயிலிருந்து வராத சொல். திங்கட்கிழமை பயிற்சிக்கு உட்காருவதாகச் சொல்லிவிட்டார்.

நவம்பர் 27, வெள்ளி

பழைய மென்பொருளில் கடைசி நாள். நாளை நாலாவது சனி, மறுநாள் ஞாயிறு. இரண்டு நாளில் தரவெல்லாம் அங்கே போக வேண்டும். கணக்கு விவரம் பார்க்க இத்தனை வருடமாக நாலெழுத்து மெனு குறியீடு ஒன்றைத் தட்டுவோம். விரல் தானாகப் போகும். புதியதில் அதற்கு முன்னால் ஓர் எழுத்து கூடுதல். ஒரே ஓர் எழுத்துதான், ஆனால் வரிசையில் ஐம்பது பேர் நிற்கும்போது அதுவும் தடுக்கும்.

ஹெட் கேஷியர் சார் ஒரு வெள்ளைத்தாளில் பழையது இடது பக்கம், புதியது வலது பக்கம் என்று தினம் பயன்படும் இருபத்தாறு மெனுவையும் தன் குண்டுக் கையெழுத்தில் எழுதி எல்லோருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் வைத்துவிட்டார். எனக்கும் ஒன்று.

நவம்பர் 30, திங்கள்

சுலபமாக இருக்கவில்லை. காலையில் ஒன்றரை மணி நேரம் உள்ளேயே நுழைய முடியவில்லை. சில கணக்குகளில் கையெழுத்துப் படம் வரவில்லை. பாஸ்புக் அச்சு இரண்டு வரி கீழே இறங்கி விழுந்தது. ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்துக் கத்தினார், அவருக்கு உரிமை உண்டு.

இருநூறு அடி தள்ளி இருக்கும் கிளையிலிருந்து அவர்கள் கேஷியர் நாள் முழுக்க எங்கள் கவுன்ட்டரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். இத்தனை வருடம் டெபாசிட்டுக்கு எங்களோடு மல்லுக்கட்டியவர். ஏழரைக்குக் கணக்கு நேரானது. ஹெட் கேஷியர் சார்தான் சத்தமாக, "டேலி" என்றார்.

டிசம்பர் 5, சனி

நோட்டு தொண்ணூறாவது பக்கத்துக்கு வந்துவிட்டது. கிளையை மூடுவார்களா என்ற கேள்விக்கு நேரே இதுவரை ஏழு தேதிகள், ஏழிலும் 'இன்னும் தெரியாது'. கிளார்க் பெண் அதைப் பார்த்து, "பரவாயில்லை மேடம், கேட்டுக்கிட்டேதானே இருக்கீங்க" என்றாள்.

மாலையில் திறந்தபோது இடது பக்கத்தில் பழக்கமில்லாத ஒரு கையெழுத்து. பக்கத்துக் கிளைக் கேஷியருடையது, போகும்போது எழுதியிருக்கிறார். 'இரண்டு கிளையையும் ஒன்றாக்கினால் எங்களை எங்கே அனுப்புவார்கள்?'

வலது பக்கத்தில் 'தெரியாது, உங்களுக்கும் சேர்த்துக் கேட்கிறேன்' என்று எழுதி, இன்றைய தேதியைப் போட்டேன்.