வேலைக்குப் போனால் பென்சன் நிற்குமா? ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 2, 2025, திங்கள்

கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் மனு நாள். நாங்கள் மனு எழுதித் தரும் இடத்துக்கு பர்கூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். தம்பிக்குச் சின்ன வயதில் நடந்த விபத்தில் கால் போய்விட்டது, 60 சதவீத ஊனச் சான்று இருக்கிறது. ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, மாதம் 13,500 என்று சொல்லியிருக்கிறார்கள். அவனுக்குப் போக ஆசை. அம்மா விடமாட்டேன் என்கிறார்.

"ஆயிரத்து ஐந்நூறு நின்னுடும் சாமி. அவங்க மூணு மாசத்துல போடான்னுட்டா மறுபடி யார் கால்ல போய் விழறது?"

இதைக் கேட்டதும் விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 13,500 பெரியதா 1,500 பெரியதா என்பது அவருக்குத் தெரியாதா? வேலை ஒரே நாளில் போய்விடும், பென்சன் ஒரே நாளில் திரும்ப வராது. விஏஓ, ஆர்ஐ, தனி தாசில்தார் என்று அந்தக் காலோடு இவனைக் கூட்டிக்கொண்டு அலைந்தவர் அவர். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் "தைரியமா அனுப்புங்க" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

அவர்கள் வீட்டுக்கே போய்த் திண்ணையில் நோட்டோடு உட்கார்ந்தேன். முதலில் பார்க்க வேண்டியது, வருவது எந்தப் பணம் என்பது. ஊரில் எல்லாவற்றையும் "ஊனப் பணம்" என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் வருவாய்த்துறை தருவது வேறு (2023 ஜனவரியில்தான் 1,000 என்பது 1,500 ஆனது), கடுமையான பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு போன்றவற்றுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை 2,000 வேறு. ஆபீஸும் வேறு, விதியும் வேறு. ஆணை நகலை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன், வருவாய்த்துறைதான். அது வேலையில்லாதவர்களுக்கான பணம். மாதச் சம்பளத்துக்குப் போனால் நின்றுபோகக்கூடும் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

"சொல்லாமலே இருந்துட்டா?" என்றான் தம்பி. பிஎஃப் கணக்கிலும் ஆதார், பென்சனிலும் அதே ஆதார். அவர்களாகக் கண்டுபிடித்து நிறுத்திய பிறகு, நாளைக்கு வேலை இல்லை என்று போய்க் கேட்க நமக்கு வாய் இருக்காது.

அப்புறம் கணக்கு. அடிப்படைச் சம்பளம் 10,000 என்பதால் பிஎஃப் 12 சதவீதம் 1,200, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 102. கைக்கு வருவது 12,198. ஓசூரில் நாலு பேரோடு அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 4,500 என்றாலும் 7,700 பக்கம் நிற்கும். அம்மா அந்த 102-ஐத்தான் விரலால் தொட்டு, இது எதுக்கு என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வைத்தியம், மகனை நம்பியிருக்கிற தாய்க்கும் சேர்த்து. மற்றவர்களுக்கு 21,000 சம்பளம் வரைதான் இஎஸ்ஐ, மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 வரை, அதனால் சம்பளம் கொஞ்சம் ஏறினாலும் விட்டுப்போகாது. முதல் முறையாக அந்த அம்மா நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

அடையாள அட்டை போய்விடுமா என்று தம்பி திரும்பத் திரும்பக் கேட்டான். போகாது. அது பாதிப்பின் சதவீதத்தைப் பார்த்துத் தருவது, சம்பளத்தைப் பார்த்து இல்லை. டவுன் பஸ் இலவசம், அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு எல்லாம் அப்படியே இருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா, கை பாதிப்பு உள்ளவர், கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு "நூறு நாள் வேலைக்குப் போனாலும் நிக்குமா?" என்றார். இந்தப் பயத்தில் நூறு நாள் வேலை அட்டையே வாங்காமல் இருந்திருக்கிறார்! அதற்காக யாரும் பென்சனை நிறுத்துவதில்லை. தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது மாதிரி வேலை, மாற்றுத்திறனாளிகளுக்கு நாலு மணி நேரம்தான், கூலி முழுசு. 2025-26-க்கு ஒரு நாள் கூலி 336.

ஜூன் 12, வியாழன்

தர்மபுரி. பென்னாகரத்திலிருந்து வந்த அக்காவுக்குப் பார்வை இல்லை. அப்பா தபால் துறையில் இருந்தவர், அவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் இவருக்கு வருகிறது. வீட்டில் டியூஷன் எடுத்தால் நின்றுவிடும் என்று யாரோ சொல்ல, வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். மத்திய அரசு இதை 2021-லேயே தளர்த்திவிட்டது. அப்பா கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம், அதோடு அகவிலை நிவாரணம், அந்தத் தொகைக்குள் மற்ற வருமானம் இருந்தால் ஓய்வூதியம் தொடரும். கடைசிச் சம்பளம் 40,000 என்றால் 12,000, 2025 ஜூனில் உள்ள நிவாரணம் 55 சதவீதம் சேர்த்தால் 18,600. டியூஷனில் அவருக்கு வந்தது மாதம் 2,000. அதையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்க நெஞ்சு பொறுக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

அமெரிக்காவில் சம்பளத்தில் பிடித்தம் கட்டியவர்களுக்கு ஊனமுற்றோர் காப்பீடு இருக்கிறது. அதில் 9 மாதம் வேலை செய்து பார்க்கலாம், அந்த மாதங்களில் எவ்வளவு சம்பாதித்தாலும் பணம் குறையாது. பிறகு வேலையால் பணம் நின்றுபோனாலும், ஐந்து வருடத்துக்குள் உடம்பு முடியாமல் வேலையை விட நேர்ந்தால், புதிதாக விண்ணப்பிக்காமலே மீட்டுத்தரக் கேட்கலாம். அங்கே பிடித்தத்திலிருந்து தருகிறார்கள், இங்கே அரசு தருகிறது, ஒன்றில்லைதான். ஆனால் முதல் நாள் அந்த பர்கூர் அம்மா கேட்டது இந்த இரண்டாவதைத்தானே. வேலை போனால் பழைய ஆணையையே உயிர்ப்பித்துத் தர வேண்டும் என்று இன்று கலெக்டரிடம் மனு கொடுத்தோம்.

ஜூன் 23, திங்கள்

தம்பி வேலையில் சேர்ந்துவிட்டான். சேர்ந்த தேதியைக் குறிப்பிட்டுத் தனி தாசில்தாருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கினோம். அந்த நகல், பழைய பென்சன் ஆணை, சான்று மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். வேலை போனால் கம்பெனியில் விடுவிப்புக் கடிதம் வாங்காமல் வரக்கூடாது என்று அவனிடம் சொல்லியாயிற்று.

இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கு விண்ணப்பிக்கலாமா என்று இரவு போனில் கேட்டான். வேலைக்குப் போகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் தருகிற வண்டிதான் அது. பணிச் சான்று கேட்டு வாங்கி வை, முதல் சம்பளம் வந்ததும் நலத்துறை ஆபீஸுக்குப் போவோம் என்றேன்.