கெத்செமனேயில் ஒரு குளிர்காலக் காலை

ஜனவரிக் குளிர், லேசான தூறல். எருசலேமின் கிழக்கு மதிலுக்கு எதிரே, கீதரோன் பள்ளத்தாக்கைத் தாண்டினால் ஒலிவமலையின் அடிவாரம். அங்கேதான் கெத்செமனே, சிலுவைக்கு முந்தின இரவு இயேசு ஜெபித்த தோட்டம். ஞாயிறு பள்ளி நாட்களிலிருந்து என் மனதில் பெரிய தோப்பாக வளர்ந்திருந்த இடம். நேரில் பார்த்தால் வேலிக்குள் எட்டுப் பழைய ஒலிவமரங்கள், சுற்றிவர ஒரு நடைபாதை. அந்த எட்டு மரங்களை விட்டு என்னால் நகர முடியவில்லை.

என் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆராதனைக்குத் தவறாமல் போனேன், பாடினேன். தனியே முழங்காலில் நின்றால் மட்டும் ஒரு வார்த்தை வராது.

அடிமரங்கள் முறுக்கிப் பிழிந்த துணிபோல் இருந்தன. நடுவே பெரிய பொந்து. எங்கள் குழுவில் வந்த சிறுமி எட்டிப் பார்த்துவிட்டு, “பாஸ்டர் அங்கிள், உள்ளே ஒண்ணுமே இல்லையே, எப்படி உயிரோட இருக்கு?” என்றாள். “உயிர் பட்டைக்கு அடியில ஓடுதும்மா” என்றார் போதகர். அவர் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன்.

ஆண்டவர் ஜெபித்த இரவைக் கண்ட மரங்கள் இவை என்று பலர் சொல்வதுண்டு. 2012இல் வெளியான ஆய்வு, மூன்று மரங்களின் தண்டுகள் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்றது. எட்டும் ஒரே தாய்மரத்தின் வழிவந்தவை என்றும் கண்டார்கள். எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. கி.பி. 70இல் ரோமர் எருசலேமை முற்றுகையிட்டபோது சுற்றுப்புற மரங்களையெல்லாம் வெட்டினார்கள் என்று அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். ஆனால் ஒலிவமரத்தைத் தரையோடு வெட்டினாலும் வேர் துளிர்விடும். “ஒரு மரத்தைக்குறித்தாவது நம்பிக்கையுண்டு” என்று யோபு சொன்னது எத்தனை உண்மை! அதைச் சொன்னவர் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் என்பதும் அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

ஒலிவமரத்தைப் பற்றி இன்னொன்றும் உண்டு. குளிர் படாவிட்டால் அது சரியாகப் பூக்காது. கனி கொடுக்காமல் அது சும்மா நிற்பதாக நாம் நினைக்கும் மாதங்களில்தான் வசந்தத்துப் பூவுக்கு ஆயத்தமாகிறது. பூத்த பிறகும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பூக்களே காயாகும், மற்றவை உதிர்ந்துவிடும். “ஒவ்வொன்றிற்கும் ஒவ்வொரு காலமுண்டு” என்ற பிரசங்கி புத்தகத்தின் வசனத்தைத் துக்க வீடுகளில் எத்தனையோ முறை நானே வாசித்திருக்கிறேன். குளிருக்கும் அதில் இடமுண்டு என்று யோசித்ததேயில்லை.

கெத்செமனே என்றால் எண்ணெய்ச் செக்கு. பறித்த காயை நசுக்கிப் பிழிந்தால்தான் விளக்குக்கு எண்ணெய். “என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது” என்று ஆண்டவர் சொன்னது இந்தப் பெயருள்ள இடத்தில். அவர் தம் துக்கத்தைச் சீஷரிடம் மறைக்கவில்லை. நான்தான் இரண்டு வருடமாக எல்லாரிடமும் மறைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்திலேயே 1924இல் கட்டி முடித்த ஆலயம். ஊதா நிறச் சன்னல்களால் உள்ளே பகலிலும் இரவு மாதிரி இருக்கும். பீடத்துக்கு முன்னால் வெறும் பாறை. இயேசு ஜெபித்த இடமாகப் போற்றப்படுவது. குனிந்து அதைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. “அப்பா” என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது, வெகுநேரம். போதகர் பேருந்துக்கு அவசரப்படுத்தவில்லை. அந்தச் சிறுமி மட்டும் வந்து என் சேலை முந்தானையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள்.