வர்க்கித் தூளும் பச்சை ஸ்வெட்டரும்

ஊட்டியில் ஜனவரி பிறந்துவிட்டால் விடியலில் புல்லெல்லாம் உப்பு தூவினாற்போல உறைபனி. காற்றில் ஈரமே இருக்காது. உதடு வெடிக்கும், குதிகால் வெடிக்கும், ஸ்வெட்டரைக் கழற்றினால் அதுவும் படபடவென்று வெடிக்கும். விளக்கை அணைத்துவிட்டுக் கழற்றினால் நீலப் பொறிகூடத் தெரியும். தீபாவளி மிச்சம்.

போன ஞாயிறு பச்சை ஸ்வெட்டரைப் போட்டிருந்தேன். கம்பளி என்று சொல்லித்தான் தலையில் கட்டினார்கள்; அசல் அக்ரிலிக். உள்ளே பாலியெஸ்டர் சட்டை வேறு. டீயோடு ஒரு வர்க்கியை, எங்கள் ஊர் மொறுமொறு அடுக்கு பிஸ்கட்டை, கடித்தேன். வர்க்கி தின்றவர்களுக்குத் தெரியும், பாதி வாய்க்கு, பாதி மடிக்கு. அன்று மடிக்கும் போகவில்லை. கீழே விழ வேண்டிய செதில் நடுவழியில் திரும்பி நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. தட்டினேன், கையில் ஒட்டியது. கையை உதறினேன், மறுபடி ஸ்வெட்டர்.

பன்னிரண்டாவது படிக்கும் மகள் ஸ்கேலோடு ஓடிவந்தாள். "அப்பா, அசையாதீங்க!"

தட்டில் ஒரு மெல்லிய செதில். அதற்கு மேலே என் ஸ்வெட்டர் கை. ஆறு சென்டிமீட்டரில் சும்மா கிடந்தது. மூன்றில் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கி எட்டிப் பார்த்தது. ஒன்றரையில் ஒரே பாய்ச்சல்.

"ரெண்டு சார்ஜுக்கு நடுவே தூரம் பாதியானா விசை நாலு மடங்கு. கூலூம் விதி" என்றாள். 1785-இல் கூலூம் என்ற பிரெஞ்சு எஞ்சினியர் மெல்லிய வெள்ளிக் கம்பியில் ஒரு முறுக்குத் தராசு செய்து, ஒரே வகை மின்னூட்டம் கொண்ட இரண்டு குட்டி உருண்டைகளை அதில் மல்லுக்கு விட்டாராம். 36 டிகிரி விலகி நின்றபோது கம்பியின் முறுக்கு 36. பதினெட்டுக்கு நெருக்கினால் 144. அச்சாக நாலு மடங்கு.

பிறகு அவளே நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா வர்க்கிக்குச் சொந்தமா சார்ஜ் இல்லையேப்பா." ஸ்வெட்டர் கிட்டே வரவரத்தான் செதிலுக்குள் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சற்றே விலகுமாம். பக்கத்தில் இருப்பது இழுபடும், தள்ளி இருப்பது தள்ளப்படும், இழுப்பு ஒரு பிடி ஜாஸ்தி. அதனால் கிட்டப் போகப் போக நாலு மடங்கையும் தாண்டி எகிறும். எங்கள் ஊர் வர்க்கியா கொக்கா!

இதற்குள் டீ ஆறிப்போயிருந்தது. ஸ்வெட்டரை உருவிப் போட்டுவிட்டு, மனைவி நீட்டிய சூடான டம்ளரை வாங்கப் போனேன். விரல் படுவதற்கு ஒரு நூல் முன்னாலேயே சுளீர்! இருவரும் கையை இழுத்தோம். டம்ளர் தரையில், டீ ஸ்கேல் மேல்.

விரலை ஊதிக்கொண்டே மனைவி கேட்டாள்: "எத்தனை சென்டிமீட்டர்னு அளந்தீங்களா?"