உவரியில ஏறிட்டா ஸ்காட்லாந்துலயும் ஏறிருவியாலே?

நம்ம ஊர்ப் பயலுவ வெளிநாடு போனா முன்னெல்லாம் கார் போட்டோ அனுப்புவானுவ, இப்ப கயாக் போட்டோ அனுப்புதானுவ. கயாக்னா கால நீட்டி உள்ள உக்காந்து துடுப்பு போடுத ஒல்லிப் படகு. அக்கா மவன் ஒருத்தன் ஸ்காட்லாந்துல இருக்கான். லீவுக்கு வந்தவன் உவரி கடல்ல என் கயாக்க வேணும்னே கவுத்துப் போட்டு, துடுப்பு முனையில காத்துப் பைய மாட்டி ஊதி, பின்னாடி டெக்ல குப்புறப் படுத்து ஊர்ந்து சட்டுனு உள்ள உக்காந்துட்டான். "பாத்தியளா மாமா, ரெஸ்க்யூ எல்லாம் பக்கா"ங்கான். கவுந்த கயாக்ல திரும்ப ஏறுததத்தான் ரெஸ்க்யூங்கான். பக்காதான், நான் இல்லங்கல. ஆனா மருமவனே, நீ ஏறினது 28 டிகிரி பக்கம் இருக்க தண்ணில, அங்க நீ துடுப்பு போடுத கடல் குளிர்காலத்துல ஆறு ஏழு டிகிரி, நல்ல கோடையிலயே 13, 14 வந்தா பெருசு. அந்தத் தண்ணில எத்தன தடவ கவுந்து ஏறியிருக்கன்னு கேட்டேன், பேச்சக் காணும்.

இதத்தான் வெளிநாட்டுல கயாக் ஓட்டுத நம்ம ஆளுங்க எல்லாருக்கும் சொல்லுதேன், வெதுவெதுப்பான தண்ணில பழகின ரெஸ்க்யூ பாதி ரெஸ்க்யூதான்.

குற்றாலத்துல சீசன் டைம்ல ஐந்தருவிக்கு அடியில தலைய நீட்டுன உடனே 'ஹக்'குனு மூச்சு உள்ள இழுக்கும்லா, நாம இழுக்கல, அதுவா இழுக்கும். தண்ணி 15 டிகிரிக்குக் கீழ போச்சுன்னா அதே சமாச்சாரம் பல மடங்கு மோசமா வரும், அந்த நேரம் தல தண்ணிக்கு உள்ள இருந்தா இழுக்குத மூச்சு தண்ணியாப் போயிரும். நிறைய பேரு குளிருல வெறச்சுதான் சாவாங்கன்னு நெனைக்காவ, அதுக்கு முன்னாடியே மூச்சுலயும் கையிலயும் ஆட்டம் முடிஞ்சிரும். கனடாவுல கார்டன் கீஸ்பிரெக்ட்னு ஒரு விஞ்ஞானி, தன்னையே ஐஸ் தண்ணில எறக்கிக்கிட்டு ஆராய்ச்சி பண்ணின மனுசன், அவரு சொல்லுத கணக்கு 1-10-1: மூச்ச அடக்க ஒரு நிமிஷம், கை கால் சொன்ன பேச்சு கேக்க பத்து நிமிஷம், நெனவு தப்ப ஒரு மணி நேரம். குத்துமதிப்புதான், தண்ணியப் பொறுத்து ஆளப் பொறுத்து மாறும். ஆனா பாருங்க, நீங்க கயாக்ல திரும்ப ஏறுததெல்லாம் அந்த நடு பத்து நிமிஷத்துக்குள்ளதான்.

உவரி, கூத்தன்குழி, இடிந்தகரை பக்கம் கடலுக்குப் போறவங்க கிட்ட இதச் சொன்னா சிரிப்பாவ. கட்டுமரத்துக்கு உள்பக்கம்னு ஒண்ணு கெடயாது, தண்ணி எங்க போயி நிக்கும்? கவுந்தா பெரட்டிப் போட்டு ஏறிக்கிட வேண்டியதுதான். ஆனா கயாக்ல உக்காருத குழி பூரா தண்ணி ரொம்பிரும், அதக் கொட்டணும், ஆளு ஏறணும், மிச்சத்த பம்ப் வச்சு எறைக்கணும், அம்புட்டையும் மரத்துப் போன விரல வச்சு பண்ணணும். மூச்சே வாங்கிக்கிட்டு கெடக்கும்போது காத்துப் பைய எங்க வாயால ஊத? தடி கிளவுஸ் போட்ட கைக்கு இடுப்புல மாட்டி அந்தக் குழிய மூடுத ஸ்பிரே ஸ்கர்ட்டோட வாரு தட்டுப்படுமா? இதெல்லாம் உவரியில தெரியாது.

அதுக்குன்னு நாளைக்கே போயி தனியா குதிக்காதீங்க. நெஞ்சு நோவு, பிரஷர் உள்ளவங்க டாக்டர்ட்ட கேக்காம எறங்கவே கூடாது, அந்த மொத அதிர்ச்சியில இதயத்துக்குத்தான் அடி. மத்தவங்க, கால் ஊனி நிக்க முடியுத ஆழத்துல, காத்து கரையப் பாத்து அடிக்கிற நாளாப் பாத்து, நெசமா ட்ரிப்புக்கு என்ன போடுவீங்களோ அதே டிரைசூட் (தண்ணி உள்ள எறங்காத உடுப்பு), அதே கிளவுஸ், அதே லைஃப் ஜாக்கெட்டோட பைய எறங்குங்க. மொதல்ல முகத்துல தண்ணி அடிச்சு, மூச்ச வெளிய விட்டு விட்டு நிதானத்துக்கு வாங்க, அப்புறம் கவுருங்க. அங்க ஏப்ரல் மே மாசம் ரொம்ப ஏமாத்தும், வெயிலு சுள்ளுனு அடிக்கும், கடலு மட்டும் இன்னும் குளிர்காலத்துலயே கெடக்கும், டீசர்ட்டோட போறவனெல்லாம் அப்பதான் போறான். வெப்பநிலை பாத்து டிரஸ் போடுததுன்னா தண்ணியோடத பாக்கணும், காத்தோடத இல்ல.

கரையில மாத்துத் துணியும் ஃப்ளாஸ்க்ல சூடா சுக்குக் காப்பியும் இருக்கட்டும், உடன்குடி கருப்பட்டி கெடச்சா இன்னும் விசேஷம் (ஊருலருந்து போற எவன் பெட்டியிலயும் ஒரு கிலோவாவது இருக்கும்). ஒடம்பு நடுங்க ஆரம்பிச்சா அன்னிக்கு அவ்ளோதான், கரைக்கு ஏறிருங்க.

இன்னொண்ணு. குரூப்ல எப்பவும் கெட்டிக்காரன் ஒருத்தனே எல்லாரையும் தூக்கி விடுததா பழகுதாவ. அவனே கவுந்தா? கவுந்த ஆளோட கயாக் மூக்கத் தன் கயாக் டெக் மேல குறுக்க இழுத்துப் போட்டு தண்ணியக் கொட்டுத டி ரெஸ்க்யூ இருக்கே, அத குரூப்லயே ஒல்லியான ஆளு, ரொம்ப கனமான ஆளுக்குப் பண்ணிப் பாக்கணும், கிளவுஸோட. மருமவன் குரூப்ல அந்த ஒல்லி ஆளு அவன் பொண்டாட்டிதான், போன்ல சொன்ன உடனே அவ ரெடி, இவன்தான் "அடுத்த மாசம் பாப்போம் மாமா"ங்கான்.