டயாட்டம் ப்ராக்டிகல்: கிளிசரின் பாட்டிலைத் தள்ளி வையுங்கள்

ரிசல்ட் வந்தாச்சு, ஆல்கா ப்ராக்டிகலில் தப்பிப் பிழைத்தாச்சு. அடுத்து எழுதப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று: சுத்தம் செய்த டயாட்டம் ஓட்டைக் கிளிசரினில் மவுண்ட் பண்ணாதீர்கள். (டயாட்டம் என்பது சிலிக்கா ஓடு போர்த்த ஒற்றைச்செல் ஆல்கா.) மற்ற ஆல்காவுக்குப் போட்டுப் பழகிய கை தானாக அங்கே போகும். ஓட்டுச் சிலிக்காவின் ஒளிவிலகல் எண் சுமார் 1.43, கிளிசரினுக்கு 1.47. இரண்டும் இவ்வளவு நெருக்கம் என்றால் ஓடே மங்கிவிடும், அதன்மேல் உள்ள வரிகளை எங்கே தேடுவது? நாஃப்ராக்ஸ் பிசின் சுமார் 1.7, அதில் பளிச்சென்று தெரியும். அது இல்லையா, துளியைக் கவர்ஸ்லிப்பில் காயவைத்து, ஸ்லைடில் கவிழ்த்து, ஓரத்தை நெயில் பாலிஷால் அடையுங்கள். உள்ளே வெறும் காற்று போதும்.

சாம்பிளுக்கு மணக்குடிக் காயலில் நீர் வற்றும்போது சேற்றின்மேல் தெரியும் பொன்பழுப்புப் படலம், அல்லது குளத்துத் தாமரைத் தண்டின் வழுவழுப்பு. பழைய டூத்பிரஷ் போதும். பாதியை உயிரோடு வையுங்கள். நிறமும் நகர்வும் அதில்தான் கிடைக்கும்.

மீதியைச் சுத்தம் செய்ய:
- காயல் சாம்பிளை வாலைவடிநீரில் 3 முறை அலசவும். உப்பு நின்றால் ஸ்லைடில் படிகம் பூக்கும்.
- சிப்பித்தூள் இருந்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், நுரை அடங்கும்வரை. மறுபடி அலசல்.
- 30% ஹைட்ரஜன் பெராக்சைடு, 90 டிகிரி, 1–2 மணி நேரம். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவும், சேறு பொங்கி வழியும். கையுறை, கண்ணாடி, ஃப்யூம் ஹுட்.
- தெளிய 1 செ.மீ. நீருக்கு 1 மணி நேரம். அவசரப்பட்டு சென்ட்ரிஃப்யூஜில் வேகமாகச் சுற்றினால் நீள ஓடுகள் முறியும்.
- துளி கஞ்சித்தண்ணியாக இருந்தால் ஓடுகள் குவிந்து கிடக்கும். மங்கல் தெரிந்தும் தெரியாமலும் இருக்கட்டும்.

படத்தில் மதிப்பெண் போவது பெரும்பாலும் பக்கவாட்டுத் தோற்றத்தில். மேலிருந்து வள்ளம்போல் இருக்கும் நாவிகுலா, பக்கவாட்டில் வெறும் செவ்வகம். வேறு பேரினம் என்று எழுதிவிடாதீர்கள். உயிர் மவுண்டில் கவர்ஸ்லிப்பைப் பென்சிலால் லேசாகத் தட்டினால் செல் புரளும். பின்னுலேரியாவில் நடுவே ரெஃபே (ஓட்டின் நீளவாக்குப் பிளவு) ஓடி நடுமுடிச்சில் நிற்கும். இருபுறமும் தென்னோலைபோல வரிகள், அதைப் பார்க்கவே ஒரு மணி நேரம் உட்காரலாம். வட்டமான காசினோடிஸ்கஸில் ரெஃபே கிடையாது, அழகுக்காக வரைந்து வைக்காதீர்கள்.

வைவாவில் அளவு குறைவதைக் கேட்பார்கள். ஓடு சம்படமும் மூடியும் மாதிரி. பிரியும்போது ஒவ்வொரு மகள் செல்லும் கிடைத்த பாதியை மூடியாக்கி, உள்ளே அடங்கும் புதுச் சம்படம் செய்யும். 3 பிரிவில் 8 செல்: தாயின் அளவில் 1, ஒரு படி சிறியவை 3, இரண்டு படி 3, மூன்று படி 1. இதைப் படமாகவே போடுங்கள். மிகவும் சிறுத்த செல்கள் ஓட்டைக் கழற்றி ஆக்ஸோஸ்போராக உப்பிப் பழைய அளவுக்கு வரும்.

அயோடின் விட்டால் நீலம் வராது. சேமிப்பு ஸ்டார்ச் இல்லை, கிரைசோலாமினரின் என்ற வேறொரு பாலிசாக்கரைடு.