ஜமக்காளத்தைச் சுருட்டி வையுங்கள்

நாய்க்குட்டிக்கு ஒன்றுக்கு, ரெண்டுக்குப் பழக்குவது பற்றி யூடியூபில் நான் பார்த்த எல்லாக் காணொளியிலும் ஒரு கதவு வருகிறது. குட்டி அந்தக் கதவருகே போய் நிற்கும். யாராவது திறந்துவிடுவார்கள். வெளியே புல்வெளி. எங்கள் வீடு திருச்சி கே.கே. நகரில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடி. கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கோலமும் செருப்பு ஸ்டாண்டும்தான் தெரியும்.

அந்தக் காணொளிகளில் வராத இன்னொன்று, நம் வீட்டுத் தரை. சோபா இருந்தாலும் நாங்கள் தரையில் வாழ்கிறவர்கள். அத்தை பேப்பரைத் தரையில் விரித்துவைத்துத்தான் படிப்பார். மாலையில் நான் டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் ஹாலில் ஜமக்காளம் விரித்து உட்காருவார்கள். மத்தியானம் அதே இடத்தில் பாயும் தலையணையும். சமையலறை வாசலில் ஒரு கால்மிதி, குளியலறை வாசலில் ஒன்று, சாமி அறை வாசலில் ஒன்று. இதையெல்லாம் ஒரு நாய்க்குட்டி எப்படிப் பார்க்கும் என்று எந்தக் காணொளியும் சொல்வதில்லை.

எங்கள் குட்டி ரயிலு ஒரு டாஷ்ஹண்ட், உடம்பு நீளமாகவும் கால் குட்டையாகவும் இருக்கும் ஜாதி. பொன்மலை ரயில்வே பணிமனையில் என் கணவரோடு வேலை பார்க்கும் நண்பர் வீட்டில் பிறந்தவன். நீளத்தைப் பார்த்து என் கணவர் வைத்த பெயர்தான் ரயிலு. வேறு என்ன வைப்பார்! எட்டு வாரம் முடியாமல் குட்டியைத் தரமாட்டேன் என்று அந்த நண்பர் ஒரே பிடியாக நின்றார். நல்ல மனுஷர். ஐந்து வாரத்துக் குட்டியை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

வந்த அன்று சாயங்காலமே ஜமக்காளத்தில் ஒன்றுக்குப் போனான். அதைத் துவைத்துக் காயப்போட்டதும் சாமி அறைக் கால்மிதி. அதை எடுத்ததும் என் கணவரின் லுங்கி. பக்கத்திலேயே வெறும் டைல்ஸ் அவ்வளவு கிடக்கிறது, அதைச் சீந்தவில்லை. நண்பருக்கு போன் போட்டுக் கேட்டேன், குட்டிகளை எதன் மேல் வைத்திருந்தீர்கள் என்று. "பின்பக்கம் சாக்கு விரிச்சுப் போட்டிருந்தோம்க்கா" என்றார். அதோடு பாதி விஷயம் புரிந்துவிட்டது.

குட்டிகள் மூன்று வார வாக்கில் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்ததும், படுக்கிற இடத்தை விட்டுத் தள்ளிப்போய் ஒன்றுக்குப் போகும். அந்த வயதில் காலுக்குக் கீழே எது தட்டுப்படுகிறதோ, எட்டு ஒன்பது வாரத்துக்குள் அதுவே அதற்குக் கழிப்பறையாகப் பதிந்துவிடும். வீட்டுக்கு உள்ளே, வெளியே என்ற கணக்கெல்லாம் மனிதர்களுடையது. மண்ணில் வளர்ந்தது மண்ணைத் தேடும். சாக்கில் வளர்ந்த ரயிலு சொரசொரப்பான துணி எங்கே இருந்தாலும் தேடிப் போவான். எங்கள் வீட்டில் அதற்கா பஞ்சம்? ஜமக்காளத்தில் போவது திமிர் என்று அத்தை சொன்னார். அவன் கற்றுக்கொண்டு வந்த பாடத்தை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தான், அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலையாக வீட்டைக் காலி செய்தோம். கால்மிதிகள் எல்லாம் பரணுக்குப் போயின. டியூஷன் முடிந்த கையோடு ஜமக்காளத்தைச் சுருட்டிக் கட்டில் மேல் வைப்பது பிள்ளைகளின் பொறுப்பு. அத்தையின் பேப்பர்தான் கஷ்டமாக இருந்தது. ஸ்டூலில் வைத்துப் படியுங்கள் என்றால், "நாய்க்காக நான் உக்கார்ற இடத்தை மாத்தணுமா?" என்றார். மறுநாளே ராசிபலன் பக்கத்தின் நட்டநடுவில் ரயிலு கைவரிசையைக் காட்டினான். அத்தை பேப்பரை ஒரு நுனியில் பிடித்துத் தூக்கி, "ஏம்மா, இன்னைக்கு நம்ம ராசிக்கு என்ன போட்டிருந்துச்சுன்னே தெரியலையே" என்றார். அதற்கப்புறம் ஸ்டூல்தான்.

அடுத்தது, அவனுக்கென்று ஓர் இடம். தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாக 16 வாரம் ஆகும்வரை ஊசி உண்டு. குட்டிகளின் உயிரையே குடிக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் கிடக்கும். எங்கள் தெருவில் எத்தனை நாய் வந்துபோகிறதோ யார் கண்டது. ஆக, முதலில் பால்கனி, பிறகு தெரு என்று ஆனது. இங்கேதான் பலர் கடையில் விற்கும் பஞ்சுவைத்த 'பேட்' வாங்கிப் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மெத்தென்று சதுரமாக இருக்கும் அதற்கும் கால்மிதிக்கும் நாய்க்கு என்ன வித்தியாசம் தெரியும்? நாளைக்குத் தெருவில் எங்கே போய் பேட் தேடுவான்?

நர்சரியில் புல்லைப் பாய் மாதிரி மண்ணோடு வெட்டிச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். அதை வாங்கி, அடியில் ஓட்டை போட்ட அகலமான பிளாஸ்டிக் ட்ரேயில் பதித்து, கீழே இன்னொரு ட்ரேயை வைத்தேன். இப்படியே இரண்டு ஜோடி. சிறுநீரில் இருக்கும் நைட்ரஜன் அதிகமாகிப் புல் கருகும் என்பதால் ஒன்றில் தண்ணீர் விட்டுத் தேறவைத்தபடி இன்னொன்றைப் பயன்படுத்தலாம். நான் அடிக்கடி வாங்குவதைப் பார்த்து நர்சரிக்காரர் எங்களுக்குப் பெரிய தோட்டம் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார்.

புல்லைக் கண்டதும் ரயிலு அதில் படுத்துத் தூங்கினான். சரி என்று நண்பரிடம் சொல்லி அந்தப் பழைய சாக்கில் ஒரு துண்டு வெட்டி வாங்கிவரச் சொன்னேன், துவைக்காமல். புல் முழுக்க மறையும்படி அதை விரித்தேன். காலை எழுந்ததும் தூக்கிக்கொண்டு போய் அதன்மேல் விட்டதுதான் தாமதம்; ஒரு வட்டம் போட்டான், முகர்ந்தான், போய்விட்டான். பிறகு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை சாக்கின் ஓரத்தைக் கத்தரித்துக்கொண்டே வந்தேன். புல் தெரியத் தெரிய, அவன் பின்னங்கால் சாக்கிலும் முன்னங்கால் புல்லிலுமாக நிற்க ஆரம்பித்தான். கடைசியில் சாக்கு உள்ளங்கை அளவுக்கு வந்தபோது அதை அவன் கண்டுகொள்ளவே இல்லை. ஊசியெல்லாம் போட்டு முடித்துக் கீழே இறக்கியபோது, சாலையோரப் புல்லைப் பார்த்ததும் அவனுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எப்போது தூக்கிக்கொண்டு போவது என்பதற்குப் பெரிய சூத்திரம் கிடையாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால்மணி அரைமணிக்குள், விளையாடி முடித்ததும். மாதக் கணக்கில் வயதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம் அடக்குவான் என்பார்கள். அதாவது இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரம். சின்ன ஜாதி நாய்களுக்கு அந்தக் கணக்கை நம்பாதீர்கள். உடம்பு சின்னது, மூத்திரப்பையும் சின்னது. ரயிலு விழித்திருக்கும்போது ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிய விஷயம்.

தரையை முகர்ந்துகொண்டு சுற்றினால் உடனே தூக்கு என்பது எல்லோரும் சொல்லும் இன்னோர் அறிவுரை. டாஷ்ஹண்ட் மோப்ப நாய். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூக்கு தரையில்தான் இருக்கும். இவனிடம் அந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பார்த்துப் பார்த்து நான் கண்டுபிடித்தது வேறு. கடித்துக்கொண்டிருக்கும் பொம்மையைத் திடீரென்று கீழே போடுவான். கூப்பிட்டால் காது அசையும், தலை திரும்பாது. வால் அடி விறைத்துக் கொஞ்சம் தூக்கும், முதுகு லேசாக வளையும். அதிலிருந்து நான்கு எட்டு எடுத்துவைப்பதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும். ட்ரேயில் போய் முடித்த அந்த நொடியிலேயே கடுகளவு அவித்த முட்டை வெள்ளை. வீட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குப் பரிசு என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். அதனால் முட்டைக் கிண்ணம் பால்கனி ஜன்னலிலேயே இருக்கும். அத்தை முட்டை தொடமாட்டார். அவர் முறை வந்தால் பன்னீர்.

வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கச் சொல்லி யோசனை கூறாத சொந்தக்காரர் எங்களுக்கு இல்லை. செய்யாதீர்கள். நம் எதிரில் போவது ஆபத்து என்று மட்டும்தான் நாய் கற்றுக்கொள்ளும். அப்புறம் கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால் என்று ஒளிந்து போகும். நாம் கையில் முட்டையோடு புல்லருகே காத்து நின்றாலும் நம் முன்னால் போகாது.

துடைப்பதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் கருத்து. நம் வீடுகளில் ஒரே வாளி, ஒரே மாப். ரயிலு ஹாலில் போனதை மாப்பால் துடைத்து, அதே தண்ணீரில் அலசி, அதே மாப்பை படுக்கையறைக்கும் சமையலறைக்கும் இழுத்தால், நமக்குச் சுத்தமாகத் தெரியும். மோப்ப நாய்க்கோ வீடு முழுக்க இங்கே போகலாம் என்று எழுதி ஒட்டியதற்குச் சமம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்கச் சிரமப்படுவேன் என்று நினைத்தேன். அவர் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார், என் கணவருக்குத்தான் நாளாயிற்று. பழைய பனியன் துணியால் முதலில் ஒற்றியெடுத்து அந்தத் துணியைத் தனியாகப் போட்டுவிட வேண்டும். பிறகு தண்ணீர். பிறகு செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் திரவத்தை ஊற்றி, பத்து நிமிடமாவது ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். சிறுநீர் வாடையைப் போகவிடாமல் வைத்திருக்கும் யூரிக் அமிலத்தை உடைப்பது அதுதான். அம்மோனியா கலந்த எதையும் தொடாதீர்கள், அதன் வாடையே சிறுநீர் வாடை. கறுப்பு பினாயிலும் வேண்டாம். பாதத்தில் ஒட்டியதைக் குட்டி நக்கும், அது விஷம்.

இவ்வளவும் சரியாக நடந்துகொண்டிருக்கும்போதே, தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மட்டும் வாசலருகே ஒரு சிறு குட்டை தேங்கிவிடும். டியூஷன் பிள்ளைகள் "ரயிலூ!" என்று கத்திக்கொண்டு உள்ளே வந்து குனிவார்கள். இவன் காதை மடக்கி, வாலை ஆட்டி, மல்லாந்து படுத்து அப்படியே விட்டுவிடுவான். இது பழக்கக் குறை இல்லை என்று டாக்டர் சொன்னார். சந்தோஷமோ பயமோ தாங்காமல் வருவது, சின்ன நாய்களிடம் நிறையப் பார்க்கலாம், திட்டினால் கூடும், வளர வளரக் குறையும். வைத்தியம் நாய்க்கு இல்லை, வருகிறவர்களுக்கு. உள்ளே வரும்போது பேசக் கூடாது, குனியக் கூடாது, கண்ணைப் பார்க்கவே கூடாது. நேரே போய் உட்கார்ந்து நோட்டைத் திறக்க வேண்டும். அவனாக வந்து பக்கத்தில் அமைதியாக நின்றால் மார்பில் மெதுவாகத் தடவலாம், தலைமேல் கையைக் கொண்டுபோகக் கூடாது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சுவரைப் பார்த்தபடி பக்கவாட்டில் நடந்து உள்ளே வருவான். வகுப்பு இவ்வளவு அமைதியாகத் தொடங்குவதை என் இத்தனை வருட டியூஷனில் நான் கண்டதில்லை. ரயிலு தேறிய பிறகும் இந்த விதியை நான் தளர்த்தவில்லை. காரணம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்.

இரவுக்குக் கம்பிக் கூண்டு. படுத்து, திரும்ப மட்டும் இடம் இருக்கும் அளவு. பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் போய்விட்டு மறு மூலையில் படுத்துக்கொள்வான். எங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் முனகினால் கேட்கும். கூண்டில் அடைப்பது பாவம் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். பகலில் கதவு திறந்திருக்கும்போதும் அவன் அதற்குள்தான் போய்ப் படுக்கிறான் என்பதை வந்து பார்த்தும் நம்பவில்லை. இரவில் தண்ணீரை நிறுத்தச் சொல்லும் யோசனையையும் நான் கேட்கவில்லை. திருச்சி வெயிலுக்கு அது ஆகாது.

வடகிழக்குப் பருவமழை வந்ததும் வேறு கதை. டாஷுக்குக் கால் குட்டை, வயிறு ஈரப் புல்லில் உரசும். குடை பிடித்து நின்றாலும் ஓர் அடி எடுத்துவைக்க மாட்டான். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலெல்லாம் கரண்ட் இல்லாத நாளில் லிஃப்டும் இருக்காது. நீள முதுகு என்பதால் இந்த ஜாதிக்கு முதுகெலும்பு வட்டு பிதுங்கும் தொல்லை உண்டு. படி இறங்கவிடக் கூடாது. ஒரு கை மார்புக்கு, ஒரு கை பின்பக்கத்துக்குக் கொடுத்துத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். அதனால் தெருப் பழக்கம் வந்தபிறகும் பால்கனி ட்ரேயை நான் எடுக்கவில்லை. (லிஃப்டில் நாய் வரக் கூடாது என்று ஒருவர் சங்கக் கூட்டத்தில் பேசினார். விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், லிஃப்டைத் தடுக்க முடியாது என்று அதில் இருக்கிறது. கையோடு, ரயிலு போனதை அள்ள எப்போதும் பேப்பரும் கவரும் கொண்டுபோவேன் என்றும் சொன்னேன். இரண்டாவதுதான் வேலை செய்தது.)

இப்போது எட்டு மாதம். ஹால் திரைச்சீலையின் ஓரத்தில் காலைத் தூக்க ஆரம்பித்திருக்கிறான். இது அடையாளம் வைப்பது, வயதுக்கு வருவதன் வேலை. ஆனாலும் அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம் என்பதால் முதலில் பரிசோதித்துப் பார்த்தோம், இல்லை. கருத்தடை ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் குறையும், டாஷுக்கு எலும்பும் மூட்டும் முழுக்க வளர்ந்த பிறகு செய்யலாம் என்கிறார் டாக்டர். என் கணவர் இன்னும் யோசிக்கிறார். அதுவரைக்கும் திரைச்சீலைகளை இடுப்பு உயரத்தில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் கொசுவுக்கா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்றுதான் அத்தை சொல்கிறார்.