கண்டுபிடித்த பிறகு எங்கே அனுப்புவீர்கள்?

திருவாரூர் மாவட்டத்தில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தாய்மார்களிடம் உட்கார்ந்து பேசினால், பலரிடமிருந்து ஏறக்குறைய ஒரே கதைதான் வரும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்லை என்பது ஒன்றரை வயதிலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். மாமியாரிடம் சொன்னால், "அவன் அப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்" என்று பதில் வந்திருக்கும். பிறகு நாக்கில் வசம்பு உரசித் தடவியிருப்பார்கள், கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டிருப்பார்கள், பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் மற்ற பிள்ளைகளைப் பார்த்துப் பேசிவிடுவான் என்று காத்திருந்திருப்பார்கள். மருத்துவர் ஆட்டிசம் என்று சொல்லும்போது குழந்தைக்கு ஐந்து வயதோ ஆறு வயதோ ஆகியிருக்கும். சிறப்பாசிரியராக வேலை பார்த்த காலம் முழுவதும் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். தாய்க்கு முதல் சந்தேகம் வந்ததற்கும் குழந்தைக்கு முதல் உதவி கிடைத்ததற்கும் நடுவே கிடக்கும் அந்த வருடங்களைத்தான் என் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன்.

தலைப்பை முடிவு செய்ததிலிருந்து முதல் தாயிடம் முதல் கேள்வியைக் கேட்டது வரை கடந்து வந்ததை இங்கே எழுதுகிறேன். குழந்தைகள் மனநலத்திலும் வளர்ச்சிக் குறைபாடுகளிலும் ஆய்வு செய்ய நினைக்கும் டெல்டா மாணவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பது இதைப் பற்றித்தான்.

ஆய்வு ஏன் தேவை என்று எழுதுவதில் சிரமம் இருக்கவில்லை. இந்தியக் குழந்தைகளின் நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகளைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று 2018-இல் பிளாஸ் மெடிசின் இதழில் வந்தது. ஹரியானாவின் பல்வல், இமாச்சலத்தின் காங்ரா, ஒடிசாவின் தேன்கனால், வடக்கு கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் எடுத்த கணக்கு அது. இரண்டு வயது முதல் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 9.2 சதவீதம் பேருக்கும், ஆறு முதல் ஒன்பது வயது வரை உள்ளவர்களில் 13.6 சதவீதம் பேருக்கும் ஏதேனும் ஒரு குறைபாடு இருந்தது. காது கேளாமை, பார்வைக் குறைவு, வலிப்பு ஆகியவையும் இந்தக் கணக்கில் அடங்கும். அந்த ஐந்து இடங்களில் தமிழ்நாட்டு ஊர் எதுவும் இல்லை. நம் பக்கத்துக் குழந்தைகளைப் பற்றி நாம்தான் கேட்க வேண்டும் என்பதற்கு எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

கருவியாக, பெற்றோரிடம் கேள்வி கேட்டு ஆட்டிசத்தின் அறிகுறிகளைத் தேடும் எம்-சாட்-ஆர்/எஃப் வினாப்படிவத்தைத் தேர்ந்தெடுத்தேன். 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கானது. மொத்தம் 20 கேள்விகள், ஆம் அல்லது இல்லை என்பதே பதில். எளிமையாகத் தெரிவதால் பலர் இதை அவசரமாகக் கையாளுகிறார்கள், அதனால் சிலவற்றை அழுத்திச் சொல்கிறேன். பெரும்பாலான கேள்விகளில் "இல்லை" என்பதே கவனிக்க வேண்டிய பதில். 2, 5, 12 ஆகிய மூன்று கேள்விகளில் மட்டும் "ஆம்" என்பது கவனிக்க வேண்டிய பதில். கவனிக்க வேண்டிய பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். மொத்தம் 3 முதல் 7 வரை வந்தால் அதோடு முடிவு சொல்லிவிடக் கூடாது. கவலை தந்த கேள்விகளை எடுத்துக்கொண்டு, தொடர் நேர்காணலில் தாயிடம் விரிவாகக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் 2 அல்லது அதற்கு மேல் நின்றால்தான் மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். முதலிலேயே 8 அல்லது அதற்கு மேல் வந்தால் தொடர் நேர்காணலுக்குக் காத்திராமலே அனுப்பலாம். இந்த இரண்டாம் கட்டத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் எழுதும் ஆய்வேடுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஒரு தாயைக் காரணமில்லாமல் கலங்கடித்துவிட்டு வருவது ஆய்வு ஆகாது.

படிவத்தைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், ஆனால் பதிப்புரிமை உண்டு. கேள்விகளை விருப்பப்படி மாற்ற முடியாது. தொடர் நேர்காணலில்தான் நம் ஊர் வாழ்க்கை உள்ளே வர இடம் கிடைக்கிறது. அன்றாடச் சத்தங்கள் குழந்தையைத் தொந்தரவு செய்கின்றனவா என்று கேட்கும்போது எங்கள் தாய்மார்கள் மிக்சியையும், வயலில் ஓடும் அறுவடை இயந்திரத்தையும், கோயில் திருவிழாவின் கூம்பு ஒலிபெருக்கியையும் சொன்னார்கள்.

அடுத்தது, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு. மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ, சுகாதார ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்தான் அடிப்படை. முன்மொழிவு எழுதத் தொடங்கும் முன்பே அதில் குழந்தைகளைப் பற்றிய பகுதியை முழுமையாகப் படித்துவிடுங்கள். 7 முதல் 12 வயது வரை உள்ள குழந்தையிடம் வாய்மொழி இசைவு வாங்க வேண்டும், 12-க்கு மேல் 18 வரை எழுத்து இசைவு. என் ஆய்வில் இருப்பவர்கள் அதற்கும் சிறியவர்கள் என்பதால் பெற்றோரின் ஒப்புதலே எல்லாம். குறைந்தபட்ச ஆபத்து உள்ள ஆய்வுக்குப் பெற்றோரில் ஒருவர் ஒப்புதல் போதும். கையெழுத்துப் போடத் தெரியாத தாய் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி அருகில் இருந்து, வாசித்துக் காட்டப்பட்டதை உறுதி செய்ய வேண்டும்.

குழுவில் மருத்துவர்கள் மட்டும் இருப்பதில்லை. நிறுவனத்தைச் சேராதவர்களும் பொதுமக்கள் தரப்பில் ஒருவரும் இருந்தே ஆக வேண்டும். எனக்கு மிகப் பயன்பட்ட கேள்வி அந்தப் பொதுமக்கள் தரப்பு உறுப்பினரிடமிருந்துதான் வந்தது. அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மாதிரி அளவு, புள்ளியியல் சோதனை என்று மற்றவர்கள் கேட்டு முடித்த பிறகு, "அம்மா, பத்துப் பிள்ளைகளுக்குச் சந்தேகம் என்று கண்டுபிடிக்கிறீர்கள். கண்டுபிடித்த பிறகு எங்கே அனுப்புவீர்கள்?" என்றார். மாவட்டத் தலைமையிடத்துக்கு என்றேன். "யார் கூட்டிப் போவார்கள்? பஸ் காசு யார் கொடுப்பார்கள்? அங்கே யாரைப் பார்க்க வேண்டும்?" என்று அடுத்தடுத்துக் கேட்டார். இவற்றுக்கெல்லாம் எழுத்தில் பதில் வரும்வரை அனுமதியை நிறுத்தி வைத்தார்கள்.

அந்த முடிவை நான் முழு மனதோடு ஏற்றேன். உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் 1968-இல் எழுதிய, நோயை முன்கூட்டியே கண்டறிவதற்கான நெறிகளிலேயே இது இருக்கிறது. நோய்க்கணிப்புக்கும் சிகிச்சைக்கும் வசதி இருக்கும் இடத்தில்தான் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைத் தொடங்க வேண்டும். உதவிக்கு வழி இல்லாமல் சந்தேகத்தை மட்டும் விதைத்தால், அந்த வீட்டில் பழி முழுவதும் தாயின் மேல்தான் விழும்.

எனவே அனுப்பும் பாதையை அமைப்பதே என் வேலையில் மிக நீண்ட பகுதியாயிற்று. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வருகின்றன. வளர்ச்சித் தாமதமும் அவர்கள் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று. அவர்கள் அனுப்பும் குழந்தைகளுக்காக மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. புதிதாக எதையும் உருவாக்காமல் இந்த அமைப்போடு இணைவதே சரி என்று முடிவு செய்தேன். எந்தக் கிழமை எந்த நிபுணர் இருப்பார், முன்பதிவு வேண்டுமா, ஆதார் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு பக்கத் தாளாக்கினேன். வரிசையில் முதலில் கேட்கும் திறன் பரிசோதனையை வைத்தேன். பேச்சு வராத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்காமல் வேறு எந்த முடிவுக்கும் வரக் கூடாது. முதல் முறை போய்வரும் பஸ் செலவு ஆய்வு நிதியிலிருந்து. முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து திருவாரூருக்கு ஒரு தாய் குழந்தையோடு போய்வந்தால் அன்றைய கூலியும் போய்விடும் என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் மறக்கக் கூடாது.

மையத்தில் வாரந்தோறும் பயிற்சிக்கு வர முடியாதவர்களுக்கு என்ன செய்வது என்பதும் மீதம் இருந்தது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்த ஓர் ஆய்வு 2016-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று, நிபுணர் அல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற பணியாளர்கள் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். குழந்தைக்கு ஏற்றபடி பெற்றோர் பதில் கொடுப்பதும், குழந்தை தானாகத் தொடர்புகொள்ள வருவதும் அதிகரித்தன. இருவரும் ஒரே பொருளில் கவனம் வைக்கும் நேரம் மட்டும் குறைந்தது. இரண்டையும் சேர்த்தே குழுவுக்கு எழுதினேன். காத்திருக்கும் காலத்தில் தாய்க்கு வழிகாட்டும் சந்திப்புகளை ஆய்வோடு இணைக்க அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

தகவல் தாளில் ஒரு வரிக்காக நான் விடாமல் வாதாடினேன். "குழந்தையின் இந்த நிலைக்குத் தாயின் வளர்ப்பு காரணம் அல்ல" என்ற வரி. ஆய்வைப் பற்றிய தாளில் இது தேவையா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். தாயின் பாசக் குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மனநல மருத்துவத்திலேயே பல ஆண்டுகள் நம்பியிருந்தார்கள். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த 11 ஜோடிகளில் 4-இல் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது, மற்ற 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபின் பங்கை அது தெளிவாகக் காட்டியது. உலகம் அதைக் கடந்து இவ்வளவு காலம் ஆகியும், எங்கள் ஊரில் ஒரு தாய் "கிரகணத்தன்று வெளியே வந்தாய்", "போனைக் கொடுத்துக் கெடுத்தாய்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த வரி தாளில் இருக்கிறது. அதை வாசித்துக் காட்டும் இடத்தில் பலர் திரும்ப ஒரு முறை வாசிக்கச் சொல்கிறார்கள்.

அங்கன்வாடிகளுக்குள் போகத் துறை அனுமதி வேண்டும். அது கடிதங்களின் வேலை, பொறுமை இருந்தால் நடக்கும். நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தை இணைத்துக் கொடுத்தால் விரைவாக நகர்கிறது.

களத்தில் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தேன். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மார்கள் சத்துமாவு வாங்க வருவார்கள். எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்க அந்த நாள்தான் வசதி, டீச்சரும் அதைத்தான் சொன்னார். ஆனால் மாவுப் பொட்டலம் கொடுக்கும் இடத்தில் ஒப்புதல் கேட்டால், மறுத்தால் மாவு நின்றுவிடும் என்று ஒரு தாய் நினைக்கலாம். அப்படி வாங்கும் கையெழுத்து விருப்பக் கையெழுத்து ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் காதிலும் எல்லாம் விழும். ஆகவே அன்று ஆய்வைப் பற்றிச் சொல்வதோடு நிறுத்திவிட்டு, விருப்பம் தெரிவித்தவர்களை வேறொரு நாள் வீட்டில் சந்தித்தேன்.

வீட்டில் வேறு கதை. கணவர் சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருப்பார். சட்டப்படி தாயின் கையெழுத்தே போதும், ஆனால் "மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பார்கள். அதை நான் தடையாகப் பார்க்கவில்லை. தாத்தாவையும் பாட்டியையும் உட்காரவைத்து அதே தாளை வாசித்துக் காட்டினேன். குழந்தையை அனுப்பும் நேரம் வந்தால் கூடப் போகிறவர் அந்தத் தாத்தாதான். கையெழுத்து மட்டும் தாயிடம், அவர் மனப்பூர்வமாகச் சொன்ன பிறகு. வெளிநாட்டிலிருந்து ஒரு தந்தை வீடியோ அழைப்பில் வந்து, தடுப்பூசியால் ஆட்டிசம் வருமாமே என்று கேட்டார். இந்தப் பயத்தைக் கிளப்பிய, 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் 12 குழந்தைகளை வைத்து வந்த கட்டுரையை இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது என்பதை விளக்கினேன். அடுத்த தவணை ஊசியைப் போட்டார்கள்.

பருவத்தைப் பார்க்காமல் கால அட்டவணை போடாதீர்கள். நடவு நாட்களில் பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழையில் சில ஊர்களுக்குப் போகவே முடியாது. சம்பா அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் கிடைக்கும் நேரம்தான் நிம்மதியாகப் பேச ஏற்றது.

முடிவைச் சொல்லும்போது "ஆட்டிசம்" என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. இதே படிவத்தை 16,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தி அமெரிக்காவில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், இரண்டு கட்டங்களிலும் சந்தேகம் நீடித்து, பிறகு முழுப் பரிசோதனைக்கு வந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஆட்டிசம் உறுதியானது. ஆனால் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமோ கவலையோ இருந்தது. ஆகவே நான் சொல்வது இவ்வளவுதான்: "பிள்ளையை ஒரு முறை நிபுணர் பார்ப்பது நல்லது. இதோ தாள், இந்தக் கிழமை போங்கள், இவரைப் பாருங்கள்."

இப்போது வேதாரண்யம் பக்கத்து ஊர்களையும் சேர்க்க விரும்புகிறேன். அது நாகப்பட்டினம் மாவட்டம் என்பதால் நெறிமுறைக் குழுவுக்குத் திருத்த விண்ணப்பமும், துறைக்குப் புதிய கடிதமும் வேண்டும். அந்தப் பக்கத்துக் குழந்தைகளை எங்கே, எந்தக் கிழமை அனுப்புவது என்ற தாள் தயாரானதும் விண்ணப்பத்தைக் கொடுப்பேன்.